தென்றலின் கண்ணாடிகள்

தேனிமலை, திருவண்ணாமலை
16.8.1992

தம்பி சகாதேவனுக்கு,

அக்கா கன்னியம்மாள் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது உன் பெண் தென்றலைப் பற்றிய கடிதம், பாதி படிக்கும்போது நீ பயந்துவிடக் கூடாது.

அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாக ஓடுவதை நீயும் பார்த்திருக்கிறாய். மாறுகண் ராசி என்று நாம் சிரித்துக்கொண்டோம். போன மாதம் எங்கள் சத்துணவு மையத்துப் பள்ளியில் கண் முகாம் நடந்தது. சோறு இறக்கிவைத்த கையோடு இவளையும் வரிசையில் நிறுத்தினேன். டாக்டர் அவளுடைய இடது கண்ணை மூடினார், பேசாமல் இருந்தாள். வலது கண்ணை மூடினார். உடனே அழுதுகொண்டு இரண்டு கையையும் நீட்டி "அத்தை, அத்தை"ன்னு தேட ஆரம்பித்தாள். நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மறுநாளே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இந்தக் கண்ணுக்கு பவர் ஜாஸ்தி. மங்கலாத் தெரியறதால மூளை இதை ஒதுக்கி வெச்சுட்டு இன்னொரு கண்ணாலயே பாத்துக்குது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தெனம் கொஞ்ச நேரம் மூடி வெச்சா இது பாக்கக் கத்துக்கும். எட்டு வயசு வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் வராது." காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை கழற்றவே கூடாதாம்.

நாலு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நம் ஊர்க் கடைகளில் ஃபிரேம் கிடையாது. தேரடித் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஆதிநாதன் மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். சாதாரணக் கண்ணாடி போட்டால் விழும்போது உடைந்து கண்ணில் குத்தும் என்று பிளாஸ்டிக் லென்ஸ் போடச் சொன்னார். அது விலை கூட. மொத்தம் முந்நூற்று இருபது ரூபாய். இப்போதைக்கு நான் கொடுத்துவிட்டேன். முடிந்தபோது அனுப்பு.

பின்னால் எலாஸ்டிக் கட்டி மாட்டியிருக்கிறோம். எங்கள் பாலாஜி அவளை முகம் பார்க்கும் கண்ணாடி எதிரே தூக்கிக் காட்டினான். வெகு நேரம் பார்த்துவிட்டு "இது யாரு?"ன்னு கேட்டாள்.

பூங்காவனம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெற்றவள் இருந்திருந்தால் இதை முன்பே கண்டுபிடித்திருப்பாளோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. நீயும் அப்படி நினைத்தால் என்னிடம் சொல்லிவிடு, மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா
கன்னியம்மாள்


சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்,
ராய்ப்பூர் பக்கம்
4.9.1992

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானூறு ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். மீதியில் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையில் மனசு நிற்கவில்லை. பெண் குழந்தை, இத்தனை சின்ன வயதில் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்பார்கள். அது இல்லாமல் மருந்து, சொட்டு என்று ஏதும் கிடையாதா என்று அந்த டாக்டரம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்.

நான் எதுவும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தையை உன் கையில் கொடுத்துவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வரப்போகிறதென்று அங்கே மனை போடுகிறார்களாம். நம் ஊர்க் கருப்பன் இங்கே என்னோடு வேலை செய்கிறான் அல்லவா, அவன் ஒன்று பிடித்திருக்கிறான். நானும் தவணையில் ஒன்று எழுதிவிட்டேன். தென்றல் பெரியவளாகும்போது அவளுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும்.

தம்பி
சகாதேவன்


திருவண்ணாமலை
20.4.1993

தம்பிக்கு,

கண்ணாடியைப் பற்றி மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

முதல் கண்ணாடி தீபத்தன்று கூட்டத்தில் போய்விட்டது. அன்றைக்கே எழுதினேன். மாமா தோளில்தான் உட்காரவைத்திருந்தார். மலையில் தீபம் தெரிந்ததும் எல்லாரும் கையைத் தூக்கினார்கள், யாருடைய கையோ பட்டு விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இடமில்லை. இரண்டாவது கண்ணாடியில் மாசி மாதம் பாலாஜி அடித்த பந்து பட்டு ஃபிரேம் இரண்டாகிவிட்டது. அதையும் எழுதினேன், நீ பணம் அனுப்பினாய்.

இப்போது மூன்றாவது. இது உடையவில்லை. தொலையவில்லை. நல்லபடியாக இருக்கிறது. ஆனால் போன வாரம் வேலூரில் சோதித்துவிட்டு பவர் மாறிவிட்டது என்கிறார்கள். முதல் அளவிலேயே வாங்கிய ஃபிரேமும் காதுக்கு எட்டவில்லை, எட்டு மாதத்தில் முகம் வளர்ந்திருக்கிறது. நான் ஆதிநாதனிடம் கேட்டேன், "இன்னாங்க இது, பெரியவங்க ஒரே கண்ணாடிய அஞ்சு வருஷம் போடறாங்களே?"ன்னு. அவர் "அவங்க மூக்கு வளரலியேம்மா. இந்த வயசுப் பசங்களுக்கு வருஷத்துக்கு மூணு, நாலு ஆயிடும். உடையறது பாதி, வளர்றது பாதி. பெத்தவங்க யாரும் மொதல்ல நம்ப மாட்டாங்க" என்றார். தன் லாபத்தைக் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்தக் கண்ணால் கண் சோதிக்கிற அட்டையின் முதல் எழுத்தைத்தான் சொன்னாள். இப்போது மூன்றாவது வரி வந்திருக்கிறாள். டாக்டரம்மா என் தோளைத் தட்டி "நல்லாப் பாத்துக்கிறீங்க"ன்னார். ஊசி போடுகிற மாதிரி அழுகிற குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தினம் நல்ல கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டுகிறேன். "ஏன் அத்தை என் கண்ணைப் புடுங்கறே?"ன்னு கேட்கிறாள். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க எனக்கு டாக்டரம்மா தோளில் தட்டியது வேண்டியிருந்தது.

விலை ஏறியிருக்கிறது, அவர் குறைத்தும் இந்த முறையும் முந்நூற்று இருபது ஆகும். உன்னால் முடியுமா?

அக்கா


சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்
12.5.1993

அக்கா அவர்களுக்கு,

பணம் அனுப்பியிருக்கிறேன். இதுதான் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மாதத்தில் நான்கு கண்ணாடி. இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எங்கள் ஃபோர்மேன் ஆறு வருஷமாக ஒரே கண்ணாடி போட்டிருக்கிறார். உடைந்தது என்றீர்கள், அனுப்பினேன். தொலைந்தது என்றீர்கள், அனுப்பினேன். இப்போது நன்றாக இருக்கிறது, ஆனாலும் வேறு வேண்டும் என்கிறீர்கள். இதற்கு நான் என்ன நினைத்துக்கொள்வது?

கருப்பன் லீவில் ஊருக்கு வந்து திரும்பியிருக்கிறான். உங்கள் வீட்டுக்கும் வந்ததாகச் சொன்னான். கூடத்தில் புது டிவி இருக்கிறதாம். தென்றல் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாளாம், முகத்தில் கண்ணாடி இல்லையாம். "அந்தக் கண்ணாடி யாரு மூஞ்சிலப்பா இருக்குது?"ன்னு ஷிப்ட் ஆட்கள் எதிரிலேயே கேட்டான்.

நான் இங்கே சிமெண்டுத் தூசியில் நிற்கிறேன். மனைத் தவணை இரண்டு நிலுவை. தாயில்லாத குழந்தை என்பதற்காக நான் எதையும் கேள்வி கேட்காமல் இருந்தேன். இனி வருஷத்துக்கு ஒரு கண்ணாடிக்குத்தான் அனுப்புவேன். பத்திரமாக வைத்துக்கொள்ளப் பழக்குங்கள்.

சகாதேவன்


திருவண்ணாமலை
24.5.1993

சகாதேவனுக்கு,

பணம் வந்தது. கண்ணாடி மாற்றியாகிவிட்டது. ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

டிவி என் சீட்டுப் பணத்தில் வாங்கியது. கருப்பன் வந்தபோது தென்றல் குளித்துவிட்டு ஓடியிருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளை. இனிக் கண்ணாடிக்கென்று உன்னிடம் கேட்க மாட்டேன்.

குழந்தை நலம்.

கன்னியம்மாள்


சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்
18.10.1993

அக்காவுக்கு,

ஐந்து மாதமாக உன் கடிதத்தில் இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை. 'குழந்தை நலம், பள்ளிக்கூடம் போகிறாள்.' அவ்வளவுதான். கோபம் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. நான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். கருப்பன் சொல்லைக் கேட்டு எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மே மாதத்துக்குப் பிறகு ஒரு கண்ணாடியும் உடையவில்லை பார். கண்டித்துச் சொன்னால் குழந்தையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதற்காகத்தான் சொன்னேன்.

தீபத்துக்கு முன்னால் லீவு கேட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன வாங்கி வரட்டும்?

தம்பி


திருவண்ணாமலை
5.11.1993

தம்பி,

நீ வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நேரில் என்னால் சொல்ல முடியாது.

கண்ணாடி உடைந்தது. ஜூலை இரண்டாம் தேதி, குழாயடிப் பாசியில் வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். உதட்டில் ரத்தம். ஃபிரேம் நொறுங்கிவிட்டது. நான் உனக்கு எழுதவில்லை. புதிதாக வாங்கவும் இல்லை.

பணம் இல்லாமல் இல்லை. என்னிடம் நானூறு ரூபாய் இருந்தது. உன் மாமாகூட "நம்ம காசுல வாங்கிடலாம், அவன்கிட்ட ஒண்ணும் சொல்லவேணாம்"ன்னு இரண்டு தடவை சொன்னார். "அவனா கேக்கட்டும். எம்பொண்ணு கண்ணாடி இன்னா ஆச்சுன்னு அவன் வாயால கேக்கட்டும்" என்றேன் நான். நீ கேட்பாய், கேட்டதும் முகத்தில் அறைந்த மாதிரி ஒரு கடிதம் எழுதலாம் என்று காத்திருந்தேன். அதில் என்னென்ன எழுத வேண்டும் என்றுகூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

நாள் போனதே தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் தெரிந்தது. கண்ணாடி இல்லாதபோது பிளாஸ்திரி ஒட்டிப் பயனில்லை என்று அதையும் நிறுத்திவிட்டேன். தென்றல் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் வாங்கியிருப்பேன். அவள் கேட்கவேயில்லை. ஓடினாள், ஆடினாள், பாலாஜியோடு சண்டை போட்டாள். கண்ணாடி இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறாள், அவ்வளவு அவசியமில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் மறுபடி மூக்குப் பக்கம் ஓடுவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

'உடையவில்லை பார்' என்று நீ எழுதியது போன வாரம் வந்தது. அதைப் படித்த பிறகு கையில் எடுத்த சாதத்தை வாயில் வைக்க முடியவில்லை. மறுநாள் வேலூர் போனேன்.

மூன்றாவது வரி வரை வந்தவள், இப்போது முதல் எழுத்தைத் தவிர எதுவும் சொல்லவில்லை. டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு மாசம் இன்னா பண்ணிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டார். "மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா போன நாலு மாசத்தை என்னால திருப்பிக் குடுக்க முடியாது" என்றார்.

புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன். உன்னை ஜெயிக்கப் போனேன் சகாதேவா. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அக்கா


திருவண்ணாமலை
12.12.1993

தம்பி,

நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினைந்து நாளாகிறது. போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு போடவில்லை. போகட்டும். நீ என்னிடம் பேசியதற்கெல்லாம் நான் பதில் எழுதப்போவதில்லை. அத்தனையும் நியாயம். பாலாஜி எதிரில் பேசியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

டாக்டரம்மா சொன்னதை நீ கேட்டுக்கொள்ளவேயில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாய். அதனால் எழுதுகிறேன்.

பிளாஸ்திரி தினம் மூன்று மணி நேரம். வலது கண்ணில். அவளுக்குத் தோல் சீக்கிரம் சிவக்கும், அதனால் எடுக்கும்போது சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்சம் பொறு, தானாக வந்துவிடும். பிடித்து இழுக்காதே. ஒட்டியிருக்கும்போது சும்மா உட்கார வைக்கக் கூடாது, கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கச் சொல், பாசிமணி கோக்கச் சொல். கதை சொன்னால் அழ மாட்டாள். நடுவில் நிறுத்தினால் பிய்த்துவிடுவாள். கண்ணாடியைத் துணியால் துடைக்காதே, தண்ணீர் விட்டு அலம்பு. காதுக்குப் பின்னால் புண்ணானால் பஞ்சு சுற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பவர் பார்க்க வேண்டும்.

கழற்றி எறிவாள். வேண்டுமென்று இல்லை. வியர்த்தால் அரிக்கும், அரித்தால் எறிவாள்.

அவள் பாவாடை ஒன்று கொடியிலேயே நின்றுவிட்டது. பார்சலில் அனுப்புகிறேன்.

அக்கா


சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்
10.4.1994

அக்கா,

நான்கு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ எழுதிய பிளாஸ்திரி விவரத்துக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதவில்லை. அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இங்கே பக்கத்து குவார்ட்டர்ஸில் சந்திரகலா என்று விழுப்புரம் பக்கத்து அம்மா இருக்கிறார்கள். நான் ஷிப்ட் போகும்போது தென்றலை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஜனவரி கடைசியில் பள்ளிக்கூடத்து ஜல்லிக் குவியலில் விழுந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டாள். ராய்ப்பூர் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். கடையில் ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள், மறுபடி ஒரு நாள். அந்தக் கடைக்காரனும் ஆதிநாதன் சொன்னதையேதான் ஹிந்தியில் சொன்னான்: குழந்தைக் கண்ணாடி அப்படித்தான். நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்ததை எழுதத்தான் பேனா எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளாஸ்திரி ஒட்டினேன். பிய்த்தாள். மறுபடி ஒட்டினேன். மறுபடி பிய்த்துச் சுவரில் ஒட்டினாள். எட்டு நாள் தொடர்ந்து ஷிப்ட் பார்த்த உடம்பு. கதை சொல்ல எனக்குத் தெரியவில்லை அக்கா. கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். கண்ணாடி பறந்து அம்மிக்கல்லில் பட்டது. ஃபிரேமின் ஒரு பக்கத்துக் காது தனியாகப் போய் விழுந்தது, லென்ஸ் கீறிவிட்டது.

அவள் அழவில்லை. கீழே உட்கார்ந்து துண்டுகளை எல்லாம் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, ஒடைச்சதுக்கு அத்தை ரொம்ப நாளு கண்ணாடி குடுக்கல. நீ எத்தினி நாளு குடுக்க மாட்டே?"ன்னு கேட்டாள்.

அவள் உன்னிடம் கேட்கவேயில்லை என்று எழுதியிருந்தாயே. தண்டனை என்று நினைத்திருக்கிறாள். தண்டனை முடிகிற வரை காத்திருந்திருக்கிறாள். இப்போதும், உடைத்தவன் நான், கணக்கைத் தன் மேல் எழுதிக்கொள்கிறாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்? ஒன்பது மாதத்தில் நான்கு என்று உன்னிடம் எண்ணினேன். நான் நான்கே மாதத்தில் இரண்டு, அதில் ஒன்று என் கையால்.

ராய்ப்பூரில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரும். கதை சொல்கிறது எப்படி என்று எழுது.

தம்பி


திருவண்ணாமலை
19.4.1994

சகாதேவா,

படித்தேன்.

சத்துணவு மையம் இந்த வாரத்தோடு லீவு. அடுத்த வாரம் சனிக்கிழமை மெட்ராஸில் ரயில் ஏறுகிறேன், நாக்பூரில் மாற வேண்டும் என்று மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை ராய்ப்பூர் ஸ்டேஷனுக்கு வந்து நில். அவளையும் கூட்டிக்கொண்டு வா.

நான் வருகிற வரைக்கும் அவளிடம் தினம் ஒரு தடவை சொல். கண்ணாடி கடையில் செய்துகொண்டிருந்தார்கள், அதனால்தான் தாமதமானது, வேறெதற்கும் இல்லை என்று. அத்தையும் அப்பாவும் செய்தது தப்பு என்றும் சொல். வெட்கப்படாமல் சொல்.

அக்கா


திருவண்ணாமலை
28.4.1996

அன்புத் தம்பிக்கு,

நேற்று வேலூர் போய் வந்தோம். தென்றலுக்கு இந்த மாதம் எட்டு முடிந்துவிட்டது, அதனால் இதுதான் முக்கியமான சோதனை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் குவார்ட்டர்ஸிலிருந்து அவளைத் திரும்பக் கூட்டிவந்து இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கண்ணாடியில்லாமல் இருந்ததில்லை. நீயும் நான் கேட்பதற்கு முன்பே அனுப்பினாய். ஒன்று முகத்தில், ஒன்று பெட்டியில் என்று எப்போதும் இரண்டு வைத்திருந்தோம். உடைந்தால் அவளே துண்டுகளை எடுத்துக்கொண்டு பாலாஜியோடு தேரடித் தெருவுக்குப் போய்விடுவாள். பாலாஜி கேலி செய்கிற பையன்களை அடித்து இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு நான் போக வேண்டியிருந்தது.

நேற்று இடது கண்ணால் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று சொல்லிவிட்டாள். நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் வேறொரு அட்டையை மாட்டினார். அதில் நான்காவது வரி வரை சொன்னாள். ஐந்தாவதில் நின்றுவிட்டாள்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது திறந்த கதவு வழியாக, நல்ல கண்ணால் பார்த்து, அந்தப் பழைய அட்டை முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். "ஏன் கண்ணு அப்பிடிப் பண்ணே?"ன்னு டாக்டரம்மா கேட்டார். "கடைசி வரி வந்தா அத்தை அழமாட்டாங்க" என்றாள்.

நான்காவது வரிதான். இனி இதற்கு மேல் வராதாம். படிப்புக்கு, வேலைக்கு எதற்கும் குறையில்லை, வலது கண் நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிளாஸ்திரி இனி வேண்டாம். கண்ணாடி மட்டும் எப்போதும் போட வேண்டும். அந்த நான்கு மாதம் போகாமல் இருந்திருந்தால் எத்தனை வரி வந்திருக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். போளூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள். தூங்கும்போது கண்ணாடியைக் கழற்றி நான் கையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா
கன்னியம்மாள்


சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்
9.5.1996

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ டாக்டரம்மாவிடம் கேட்காதது சரிதான். பதில் எதுவாக இருந்தாலும் அதில் பாதி என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன் மே மாதம் அந்தக் கடிதத்தை எழுதியது நான். இதை நாம் இருவரும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம். லீவில் வரும்போது தென்றலிடமும் நானே சொல்கிறேன். அவளுக்குப் புரிகிற வயது வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அவளே எண்ணிப் பார்ப்பாள், அதற்கு முன்னால் என் வாயால் தெரிய வேண்டும்.

வேங்கிக்கால் மனைக்குக் கடைசித் தவணை கட்டிவிட்டேன். இங்கே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம் என்று யோசிக்கிறேன். மாமாவிடம் கேட்டு எழுது.

நான்காவது வரி என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து ஆலை டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு அட்டை இருக்கிறது, இத்தனை வருஷமாக நான் பார்த்ததே இல்லை. கோடு போட்ட இடத்தில் நின்று, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மேலிருந்து நான்கு வரி படித்தேன். அது வரைக்கும் அவளும் நானும் ஒன்று.

பிறகு ஐந்தாவது வரி படித்தேன். ஆறாவது படித்தேன். கடைசி வரி வரைக்கும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். முடிந்ததும் மறுபடி ஐந்தாவது வரிக்குப் போனேன். எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

கம்பவுண்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து என் தோளைத் தொட்டார். "போதும் பாய், உங்க கண்ணு நல்லா இருக்கு. வீட்டுக்குப் போங்க" என்று ஹிந்தியில் சொன்னார்.

தம்பி
சகாதேவன்